இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி

வேர்க்கிளம்பி வட்டாரத்தில் வாழை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஓமனா வீட்டுக்கு வழி சொல்வார்கள். ஓமனா என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்; ஊசிக்காரி என்றால் உடனே கையை நீட்டுவார்கள். அவள் காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னால்தான் என்ன, செய்கிற வேலை அதுதானே.

காலை ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்தில் வந்து நிற்பாள். சேலைக்கு மேலே கணவனின் பழைய முழுக்கைச் சட்டை, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவர், மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய துவர்த்துத் துண்டு. ஒரு பங்கு மோனோகுரோட்டோபாஸுக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்த வாளி ஒரு கையில். மாட்டுக்குப் போடுகிற மாதிரித் தடித்த சிரிஞ்சு இன்னொரு கையில். வாழைத் தண்டில் முழங்காலுக்குச் சற்று மேலே ஊசியைச் சரித்து இறக்கி, பைய அமுக்கி, உருவிக்கொண்டு அடுத்த வாழைக்குப் போவாள். நட்டு நாற்பத்தைந்தாம் நாள் முதல் ஊசி, பிறகு இருபத்தொரு நாளுக்கு ஒன்று. குலை தள்ளிவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் ஊசி கிடையாது. காயைத் தின்னப்போவது பேன் இல்லை, மனுஷன் என்பாள்.

பேன் என்பது வாழைப்பேன். வேளாண்மை ஆபீஸில் அசுவினி என்பார்கள். எள்ளில் பாதி இருக்காது, கருந்தவிட்டு நிறம். மட்டையும் தண்டும் சேருகிற இடுக்கில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும். எறும்பு வரிசையாக ஒரு வாழையில் ஏறுகிறதென்றால் உள்ளே பேன் இருக்கிறதென்று அர்த்தம். சாறு குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், ஒரு வாழைக்கு அது பெரிய சேதமில்லை. ஆனால் நோய் பிடித்த வாழையில் வாய் வைத்த பேன் நல்ல வாழையில் வாய் வைத்தால் நோயும் கூடவே போய்விடும். அந்த நோய்க்குப் புத்தகத்தில் முடிக்கொத்து என்று பெயர், ஊரில் கூம்படைப்பு. விரிய வேண்டிய இலைகள் விரியாமல் குறுகி, உச்சியில் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குலை தள்ளாது. மருந்தால் பேனைக் கொல்லலாம். கூம்படைத்த வாழையைக் குணப்படுத்த மருந்து இல்லை. கிழங்கோடு தோண்டி எடுப்பது ஒன்றுதான் வழி.

இதையெல்லாம் அவள் கற்றுக்கொண்டது இரண்டாயிரத்து ஆறில், வேளாண்மை ஆபீஸ் நடத்திய பயிற்சியில். அதற்கு முந்தின வைகாசியில் கணவன் வேலப்பன் செத்துப்போனான். வாழைக்குலைச் சந்தையில் லாரியில் குலை ஏற்றுகிறவன். ஒருநாள் முப்பதாவது குலையோ நாற்பதாவது குலையோ தோளில் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை உயிர் தாங்கவில்லை. யாரிடமும் ஒரு முறைகூடக் குரல் உயர்த்திப் பேசாத மனுஷன். சந்தையில் அதைச் சொல்லியே அவனைக் கேலி செய்வார்கள். நாளெல்லாம் ஏத்தன் என்கிற நேந்திரன் குலை சுமப்பான், சாயங்காலம் வரும்போது சின்னச் சின்ன மட்டி வாழைப்பழம் நாலு மடியில் கட்டிக்கொண்டு வருவான். இரண்டு அவளுக்கு, இரண்டு அவனுக்கு. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பங்கு வைப்பது எளிது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி அவனை வீட்டைச் சுற்றிய பறம்பின் தெற்கு மூலையிலேயே எரித்தார்கள். எலும்பு பொறுக்கிய அன்று, எரித்த இடத்தைக் கொத்தி, ஒரு தென்னம்பிள்ளையும் ஒரு வாழைக்கன்றும் நட வேண்டும். போனவர் அதில் நிற்பார் என்று நம்பிக்கை. வாழை என்ன வாழை என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளே மட்டிக் கன்று ஒன்றைத் தேடி வாங்கிவந்து நட்டாள். தென்னம்பிள்ளையை இரண்டாம் வருஷம் கொம்பன் வண்டு துளைத்துத் தள்ளிவிட்டது. வாழை நின்றது. ஒரு குலை தள்ளி, பக்கக் கன்றுகள் விட்டு, தாயும் கன்றும் சேர்ந்த மூடு பெருத்து, அந்த மூலை முழுக்க மட்டியாயிற்று.

பயிற்சிக்குப் போன பன்னிரண்டு பெண்களில் பதினொரு பேர் ஒரு மாதத்தில் விட்டுவிட்டார்கள். மருந்து நாற்றம் தலையைச் சுற்றுகிறது என்றார்கள், அது உண்மைதான். ஓமனா விடவில்லை. வீட்டில் வந்து உட்கார்ந்தால் தெற்கு மூலை தெரியும்; அதற்குத் தோட்டம் தோட்டமாக நடப்பது மேல். சொல்லிக்கொடுத்த அதிகாரி அம்மாள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கூம்படைத்த வாழையைப் பார்த்ததும் ஆத்திரத்தில் வெட்டிச் சாய்க்கக் கூடாது. வெட்டினால் அதிலிருக்கிற பேன்கள் பசியெடுத்துப் பக்கத்து வாழைகளுக்குப் போய்விடும். முதல் நாள் மூடு முழுக்க மருந்தடித்துப் பேனைச் சாகவிட்டு, மறுநாள்தான் தோண்ட வேண்டும். ஓமனா இதை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

தோண்டச் சொல்வதில் அவளுக்கு ஈவிரக்கம் கிடையாது என்று பெயர். குலசேகரம் பக்கம் ஒருவர், பேரப்பிள்ளை பிறந்தபோது வைத்த வாழை, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு என்று கேட்டார். அதை விட்டால் மற்ற இருநூறுக்கும் நான் ஊசி போடமாட்டேன், வேறு ஆளைப் பாரும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். மனுஷன் பின்னாலேயே ஓடிவந்தார். கல்நெஞ்சுக்காரி என்று அவர் ஊரெல்லாம் சொன்னதும் நிஜம், அந்த இருநூறும் குலை தள்ளியதும் நிஜம்.

இரண்டாயிரத்துப் பத்து வைகாசித் திதிக்கு வேலப்பனின் தங்கை சுலோச்சனா கீரிப்பாறையிலிருந்து வந்திருந்தாள். கணவன் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவன். லைன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடத்தில் ஏத்தன் இருபது மூடு வைத்திருந்தாள். படையலுக்கு வைத்த மட்டிப்பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அண்ணனுக்க வாழையில் ரெண்டு கன்று தருவியளா மைனி என்று கேட்டாள். இதைக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள். ஓமனா நல்லதாகப் பார்த்து இரண்டு கன்றைப் பெயர்த்து, சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். சுலோச்சனா எஸ்டேட் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அன்று பார்வைக்கு அந்தக் கன்றுகளில் எந்தக் குறையும் இல்லை. உள்ளே நோய் ஏறியபிறகும் சில வாரம் வெளியே தெரியாது என்பது ஓமனாவுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தெற்கு மூலையை அவள் வாழைமூடாகப் பார்த்ததே இல்லை.

அதே வருஷம் மழைக்காலத்தில், அந்த மூட்டில் புதிதாக வந்த கன்றின் இலைக்காம்பில், கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடியிருந்தது. இலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நடு நரம்பிலும் அதே கோடு. அடுத்தவர் தோட்டமாக இருந்தால் அந்த இடத்திலேயே கையை நீட்டி, இது, இது, அந்த ஓரத்தில் நிற்பது என்று சொல்லியிருப்பாள். இங்கே இலையைப் பழையபடி விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். சாயங்காலம் சிரிஞ்சோடு வந்து ஊசி போட்டாள்.

அன்று தொடங்கியது. ஊரில் யாருடைய ஊசி ஒருநாள் தள்ளிப்போனாலும் தெற்கு மூலைக்கு இருபத்தொன்றாம் நாள் தவறாது. பேன் இல்லாமல் பார்த்துக்கொண்டால் நோய் வெளியே போகாதே, நின்றுவிட்டுப் போகட்டும் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். குலசேகரத்துக்காரர் இதைத்தானே கேட்டார். அவருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம். மழை நாட்களில் மருந்து தண்டில் சரியாக ஏறாது என்பதும், ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் பிறக்கிற கன்றில் பேன் குடியேறும் என்பதும் அவள் அறியாததா? வாழைகளைச் சுற்றித் தென்னோலை கட்டி மறைத்தாள். மாடு கடிக்கிறது என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

ஓலைக்கு அந்தப் பக்கம் தரிசாகக் கிடந்த நிலத்தை இரண்டாயிரத்துப் பதினொன்று தையில் நேசம்மாள் பாட்டக் குத்தகைக்கு எடுத்தாள். ஐம்பது வயது. முப்பது வருஷம் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துச் சுரணை போயிருந்தது. முதன்முறையாகச் சொந்தமாக ஒரு வேலை. செந்துளுவன் என்கிற செவ்வாழை முந்நூறு வைத்தாள். இது நின்றுவிட்டால் இனி அந்தப் புகைக்குள்ளே போய் உட்காராண்டாம் ஓமனா என்று நடுகிற அன்றே சொன்னாள். சர்ச்சுக்குப் போகிற வழியில்கூட வேலிக்கு வந்து வாழைகளை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போவாள். இலை இலையாகத் தடவிப் பார்ப்பாள், சுரணையில்லாத விரலுக்கு என்ன தெரியுமோ.

ஊசிக்கு ஓமனாதான். மூன்றாவது ஊசியின்போது ஓலை மறைப்பை ஒட்டிய வரிசையில் நாலு வாழை கூம்படைத்திருந்தது. ஓமனா முறைப்படி மருந்தடித்து மறுநாள் தோண்டிப்போட்டாள். ஐந்தாவது ஊசியில் பதினொன்று. ஏழாவதில் இருபது. எல்லாம் ஓலைப் பக்கத்திலிருந்தே உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. காற்றில் பேன் வருகிறது அக்கா என்றாள் ஓமனா. நேசம்மாள் ஓலை மறைப்பை ஒரு கணம் பார்த்துவிட்டு, காற்றை நாம என்ன செய்ய முடியும் என்றாள். அந்த ஒரு கணத்தை ஓமனா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வைத்த சோற்றை மூடி வைத்துவிட்டாள். மருந்து வாடைதான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள்.

நல்ல மனுஷிதான் ஓமனா. ஆனால் அந்த ஏழெட்டு மாதம் அவள் செய்தது நல்ல மனுஷி செய்கிற காரியமில்லை. பக்கத்து வாழைகளை ஒவ்வொன்றாக எழுபத்தேழு வரை தோண்டுவித்துக்கொண்டே, தன் நோய்மூட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இதற்கு வேறு பேர் கிடையாது.

கார்த்திகையில் ஒருநாள் காலை பத்து மணிக்கு சுலோச்சனா வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. நட்ட இரண்டு மட்டியும் அடைத்துப்போயிற்று, அதைத் தொடர்ந்து ஏத்தன் இருபதும் அடைத்துப்போயிற்று என்றாள். இது கூம்படைப்பு என்று சுலோச்சனாவுக்குத் தோன்றவே இல்லை. அவள் வேறொன்றைச் சொல்ல வந்திருந்தாள். திருவட்டாறு பக்கம் ஒரு பூசாரியிடம் பிரசன்னம் வைத்துக் குறி கேட்டிருக்கிறாள். செத்துப்போன ஆண் ஒருத்தன் பசியோடு சுற்றுகிறான் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அண்ணனாக்கும் மைனி. அண்ணன் இன்னும் போகேல்ல. அண்ணனுக்க வாழ போன எடமெல்லாம் அழிஞ்சு போவுது. எதோ கோவம் இருக்கு அண்ணனுக்கு. ஒரு பூசை செய்து கெட்டணும்."

கட்டுவது என்றால் ஆணியடித்துக் கட்டுவது. பேயைக் கட்டுகிற மாதிரி வேலப்பனைக் கட்டப்போகிறார்கள். நாலு மட்டிப்பழம் மடியில் கட்டிக்கொண்டு வருகிறவனை, சந்தையில் அடுத்தவன் குலையையும் சேர்த்துச் சுமந்தவனை, தங்கை வீட்டு வாழையைத் தின்று அழிக்கிற பேய் என்று ஒரு பூசாரி சொல்லியிருக்கிறான், அவன் கூடப்பிறந்தவள் அதை நம்பியிருக்கிறாள். ஓமனாவுக்கு முதலில் வந்தது பூசாரி மேல் கோபம். அது நிற்கவில்லை, திரும்பி அவள் மேலேயே வந்தது. இந்தப் பழியை அவன் தலையில் வைத்தது பூசாரி இல்லை.

அவள் எழுந்து சுலோச்சனாவின் கையைப் பிடித்துத் தெற்கு மூலைக்குக் கூட்டிப்போனாள். ஓலையைப் பிய்த்து எறிந்தாள். உள்ளே ஏழு வாழை, ஒன்றுகூட ஆள் உயரம் இல்லை. இலைகள் ஓரம் மஞ்சளித்து, குறுகி, உச்சியில் நெருக்கிக்கொண்டு நின்றன. தண்டெல்லாம் ஊசிக் காயம். தொட்ட இலை அப்பளம் மாதிரி ஒடிந்தது.

"ஒனக்க அண்ணன் ஒண்ணும் செய்யேல்ல சுலோச்சனா. இது கூம்படைப்புத் தீனமாக்கும். ஒனக்குக் கன்னு தந்தப்போவே உள்ள இருந்திருக்கும். பொறவு எனக்குக் கண்ணால தெரிஞ்சுது. தெரிஞ்சும் வச்சிட்டு இருந்தேன். ஒனக்கு ஒரு வார்த்தை செல்லியிருந்தா ஒனக்க ஏத்தனாவது நின்னிருக்கும்."

சுலோச்சனா ஒடிந்த இலையைக் கையில் எடுத்தாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டாள். ஒரு வருஷத்துக்கு மேலே என்றாள் ஓமனா. போட்டு வைத்த சாயாவைக் குடிக்காமல் சுலோச்சனா பஸ்ஸுக்கு நடந்தாள். ஓமனா வாசலில் நின்று, பூசை மட்டும் செய்யாதே என்று பின்னால் சொன்னாள்.

அன்றைக்கே ஓமனா தோளில் ஸ்பிரேயரை மாட்டி, ஏழு வாழைக்கும், காலடியில் முளைத்திருந்த கன்றுகளுக்கும், மட்டை இடுக்கு ஒன்று விடாமல் மருந்தடித்தாள். எறும்புகள் உதிர்ந்தன. மறுநாள் காலையில் மம்மட்டியோடு இறங்கினாள். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. ஊரில் எத்தனை மூடு தோண்ட வைத்திருப்பாள், ஒன்றுக்கும் தயங்கியதில்லை. இப்போது முதல் வெட்டு விழுவதற்கே நேரம் பிடித்தது.

மூன்றாவது கிழங்கு வெளியே வந்தபோது ஓலை கிடந்த இடத்தில் நேசம்மாள் நின்றாள். அவள் கையிலும் மம்மட்டி. ஓமனா நிமிர்ந்தாள். இனி எதை மறைக்க.

"அக்கா, உமக்க வாழைக்கு வந்ததெல்லாம் இங்கயிருந்தாக்கும்."

"அறியும்," என்றாள் நேசம்மாள். "நாலு வாழ போனப்பவே அறியும். ஓலை இடுக்கு வழியா பாத்தேன்."

"பொறவு ஏன் ஒண்ணும் செல்லேல்ல?"

"என்னண்ணு செல்லுவேன்? வாழ எண்ணா செல்லலாம். இது ஒனக்க மாப்பிள இல்லியா."

ஓமனா அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேலப்பன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை என்று பின்னால் அவளே சொல்லியிருக்கிறாள். ஊரெல்லாம் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவருக்கு அன்று அவளைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நேசம்மாள் பள்ளத்தில் இறங்கி நாலாவது மூட்டைத் தோண்டத் தொடங்கினாள். அவளுக்கும் கோபம் இல்லாமல் இல்லை. போன வாழைகளை நினைத்தோ என்னவோ ஒவ்வொரு வெட்டும் பலமாக விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓமனா எழுந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

நடுவில் நின்ற தாய்க்கிழங்கு கடைசியில் வந்தது. வேருக்குள் சிக்கிக்கொண்டு கரித்துண்டுகள் வந்தன, விறகுக் கரி, ஆறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் கரைந்திருக்கவில்லை. ஓமனா அதைத் தனியாகப் பொறுக்கி எடுத்துப் பள்ளத்தின் அடியில் வைத்து மண் தள்ளினாள். கிழங்குகளைத் துண்டுதுண்டாக வெட்டி, மண்ணெண்ணெய் விட்டு, வேறொரு குழியில் ஆழமாகப் போட்டு மூடினார்கள். மத்தியானத்துக்குள் தெற்கு மூலை வெறும் மண்ணாயிற்று.

குலசேகரத்துக்காரர் வீட்டுக்கு அடுத்த வாரம் அவளே போனாள். நான் உம்மிடம் செய்யச் சொன்னதை என் வீட்டில் செய்யாமல் இருந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்ன பதில் சொன்னார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நேசம்மாளின் தோட்டத்தில் அதன்பிறகு ஆறு வாழை மட்டும் அடைத்தது; அதற்குமுன்பே உள்ளே நோய் ஏறியிருந்தவை அவை. இன்னும் குலை தள்ளாத மற்ற வாழைகளுக்கு ஓமனா ஊசி போட்டாள், கூலி வாங்கவில்லை. முந்நூறில் இருநூற்றுப் பதினேழு நின்றது. நேசம்மாள் அண்டி ஆபீஸுக்குத் திரும்பிப் போகவில்லை.

அடுத்த வைகாசித் திதிக்கு சுலோச்சனா வரமாட்டாள் என்றுதான் ஓமனா நினைத்திருந்தாள். வந்தாள். பூசை செய்யவில்லை என்று வந்ததும் சொன்னாள். இலையில் சோறு இருந்தது, கறி இருந்தது, மட்டிப்பழம் மட்டும் இல்லை. சந்தையில் வாங்கி வைக்க ஓமனாவுக்கு மனம் வரவில்லை. படையல் முடிந்து சுலோச்சனா தெற்கு மூலைக்குப் போய் அந்த வெறும் மண்ணின் முன்னால் நின்றாள். வேலிக்கு அப்புறம் நேசம்மாளின் ஆட்கள் சிவந்த குலைகளை வெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணனுக்கெண்ணு இப்ப இங்க என்ன இருக்கு மைனி?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் ஓமனா. "தீனமும் இல்ல."

சுலோச்சனா தலையை ஆட்டினாள். சாயா வேண்டுமா என்று ஓமனா கேட்டாள். தாரும் என்று சொல்லிவிட்டு சுலோச்சனா அவளுக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தாள்.